நரம்புத் தளர்ச்சி வந்த கதை: வடலூர் மூலிகைப் பட்டியலிலிருந்து லாட்ஜ் வைத்தியர் வரை

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் சுவர் விளம்பரம் ரொம்பக் குறைவு. வட்டம் வட்டமாகப் பிரித்து, மரம் வைத்துக் கட்டிய ஊர். ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகர், வடக்குத்துப் பக்கமோ, இந்தக் கோடியில் மந்தாரக்குப்பம் பக்கமோ வந்தால்தான் அந்த வரிகள் கண்ணில் படும். மூலம், பௌத்திரம், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு. கீழே ஒரு போன் நம்பர். தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் இதே நாலு வியாதி, அநேகமாக இதே வரிசையில்.

இதில் மூலமும் பௌத்திரமும் பழைய வார்த்தைகள். சித்த நூல்களில் இருப்பவை. ஆனால் "நரம்புத் தளர்ச்சி" எங்கிருந்து வந்தது? ஐம்பது வயசைத் தாண்டிய ஆம்பளைக்கு வருகிற களைப்பு, தூக்கமின்மை, எரிச்சல், ஆசைக் குறைவு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு மூடுகிற கூடையாக இந்தச் சொல் எப்போது ஆனது? அதைத் துரத்திக்கொண்டு போனபோது சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ ஒன்று போட்டுக்கொண்டு படிக்கலாம்.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குவோம். நெய்வேலியிலிருந்து வடலூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1867இல் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். 1872இல் சத்திய ஞான சபை. அணையா அடுப்பையும் ஜோதி தரிசனத்தையும் எல்லாருக்கும் தெரியும். அவருடைய உரைநடைப் பகுதியில் இருக்கிற மூலிகை குண அட்டவணையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட மூலிகைகள். பெயர், அதற்கு எதிரே அது என்ன செய்யும் என்று சுருக்கமாக ஒரு குறிப்பு. மளிகைச் சிட்டை மாதிரி இருக்கும். அலங்காரம் கிடையாது. கரிசலாங்கண்ணி, தூதுவளை, வல்லாரை இந்த மூன்றையும் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவார். நித்திய கரும விதியில் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன சாப்பிடணும், எப்படித் தூங்கணும், எவ்வளவு நடக்கணும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். பெண்ணுறவில் கணக்கு வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். வள்ளலாருக்கு மூலிகை என்பது ஆயுளை நீட்டிக்கொள்ளும் வழி. வீரியத்தைக் கூட்டி அதைச் செலவு பண்ணுகிற பேச்சே இல்லை; சேர்த்து வைக்கிற பேச்சுதான். இன்றைக்கு லேகிய டப்பாவில் சித்தர் படம் போட்டு விற்கிற ஆட்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற தூரம் இதுதான். டப்பாக்காரர் சொல்வது செலவுக்கு. வள்ளலார் சொன்னது சேமிப்புக்கு.

அவர் மட்டுமில்லை, பழைய சித்த மருத்துவ மரபு முழுக்க இந்தப் போக்கில்தான் இருக்கிறது. நரை, திரை, மூப்பு என்று மூன்றைச் சொல்லி, அவற்றைத் தள்ளிப்போடுவதற்குக் கற்ப மருந்துகளைச் சொல்வார்கள். காயகற்பம் என்பது அதுதான். காலையில் இஞ்சி, நடுப்பகலில் சுக்கு, ராத்திரி கடுக்காய் என்று ஒரு மண்டலம் சாப்பிடும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருக்கே, அது கற்பத்தின் ஏழை வீட்டு வடிவம். தேரையர் பெயரில் வழங்கும் பிணி அணுகா விதியில் ஆறு மாசத்துக்கு ஒருதரம் வாந்திக்கு மருந்து, நாலு மாசத்துக்கு ஒருதரம் பேதிக்கு, ஒன்றரை மாசத்துக்கு ஒருதரம் மூக்குக்கு, நாலு நாளைக்கு ஒருதரம் எண்ணெய் முழுக்கு. ஒரு மெஷினுக்குப் போடுகிற மெயின்டனன்ஸ் ஷெட்யூல் மாதிரியே இருக்கும். நெய்வேலிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இன்னொரு சுவாரசியமான விஷயம் வயசுக் கணக்கு. நூறு வருஷத்தை மூன்றாகப் பிரித்தால் 33 வருஷம் 4 மாசம். ஆயுர்வேதத்தில் குழந்தைப் பருவம் கபம், நடுவயசு பித்தம், முதுமை வாதம். சித்த மருத்துவத்தில் வரிசை திரும்பி வரும்: முதல் பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப் பங்கு கபம். இதன்படி பித்த காலம் 66 வயசு 8 மாசம் வரைக்கும் போகிறது. இன்றைக்கு நாம் "ஹார்மோன் குறைகிற வயசு" என்று சொல்கிற 45 முதல் 65 வரை முழுக்கப் பித்தத்துக்குள்தான் விழுகிறது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் களைப்புக்கும் ஒரே வார்த்தையாக "உடம்புச் சூடு" என்று சொல்வதற்கு வேர் இங்கே இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

ஆனால் ஆம்பளைக்கு நடுவயசில் வரும் இந்த மாற்றத்தைத் தனி வியாதியாகப் பிரித்துப் பெயர் வைத்த பழைய சித்த நூல் எதையும் நான் பார்த்ததில்லை. சுக்கிலம் ஏழாவது தாது. சாரத்தில் ஆரம்பித்து செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை என்று ஒவ்வொன்றாகக் கடந்து கடைசியில் சேர்வது. முன்னே உள்ள ஆறில் எது கெட்டாலும் ஏழாவது கெடும். அப்படிப் பார்த்தால் ஏழாவதற்கு மட்டும் தனி மருந்து கேட்பது, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கடைமடையிலேயே மண்வெட்டி போடுவது மாதிரி. இந்த ஒரு விஷயத்தில் பழைய வைத்தியர்கள் இன்றைய டாக்டர்களோடு ரொம்ப ஒத்துப்போகிறார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, தனி வியாதி எப்போது பிறந்தது? அதற்கு பாரிசுக்குப் போகணும். 1889 ஜூன் 1. பிரௌன் செக்கார் என்ற பெரிய உடலியல் விஞ்ஞானி, 72 வயசு, பாரிஸ் உயிரியல் சங்கக் கூட்டத்தில் எழுந்து, நாய், கினிப்பன்றி இவற்றின் விதைகளைப் பிழிந்த சாற்றை எனக்கு நானே ஊசி போட்டுக்கொண்டேன், இளமை திரும்பிவிட்டது என்று அறிவித்தார். மாடிப்படி ஏற முடிகிறது, ராத்திரி உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது, மலச்சிக்கல்கூடச் சரியாகிவிட்டது என்று சொன்னார். (கடைசி விஷயத்தை எந்த வயசானவரும் அலட்சியம் பண்ண மாட்டார்.) அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்ததே ஒன்றுமில்லாத அளவு என்று பின்னால் அதே முறையில் செய்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வேலை செய்தது மனசு. ஆனாலும் அந்த ஒரு பேச்சிலிருந்துதான் உலகம் முழுக்க "ஆண்மை என்பது ஒரு சுரப்பி" என்ற எண்ணம் பரவியது. 1920இல் வொரோனோஃப் குரங்கு விதையின் துண்டுகளை மனுஷனுக்கு ஒட்டுப்போட்டார். 1931இல் பூட்டநாண்ட், பல்லாயிரம் லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி 15 மில்லிகிராம் ஆண் ஹார்மோன் எடுத்தார். சிறுநீர் தந்தது போலீஸ்காரர்கள். 1935இல் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. அதே வருஷம் ஆய்வுக்கூடத்தில் செய்தும் காட்டினார்கள். 1939 வேதியியல் நோபல் அதற்காக. 1944இல் ஹெல்லரும் மையர்ஸும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதியபோது பெண்ணுக்கு வருவதுபோல ஆணுக்கும் ஒரு பருவமாற்றம் உண்டு என்ற கருத்துக்கு மருத்துவ முத்திரை விழுந்தது.

இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது நரம்பு. 1869இல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்ட் 'நியூரஸ்தீனியா' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். நகர வாழ்க்கை, மூளை வேலை இவற்றால் நரம்புச் சக்தி தீர்ந்துபோகிறது என்பது அவர் கொள்கை. பேட்டரி சார்ஜ் இறங்குவது மாதிரி. இங்கிலீஷ் மருந்து விளம்பரங்களில் 'நெர்வஸ் டெபிலிட்டி' என்று கொட்டை எழுத்தில் வர ஆரம்பித்தது. தமிழ் 'நரம்புத் தளர்ச்சி' அதன் மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கணும் என்று நினைக்கிறேன். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் பொருந்துகிறது. ஏற்கெனவே நம்மிடம் இருந்த 'தாது நஷ்டம்' என்ற பயத்தோடு இந்த இறக்குமதி பயம் கலந்ததும் வியாபாரத்துக்கு வேண்டிய சரக்கு தயார். இந்தத் தாது பயத்தை ஒரு தனி மனநோய்த் தொகுதியாக அடையாளம் கண்டு 1960இல் பெயர் வைத்தவர் மனநல மருத்துவர் என். என். விக்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து மணிசங்கர் கோவிந்தஜி என்பவர் ஆதங்க நிக்ரஹ மாத்திரை விற்றார். கூடவே இலவசமாகப் புத்தகமும் அனுப்புவார். இந்தியா முழுக்க அந்த மாத்திரை விளம்பரம். பிறகு பெர்லினிலிருந்து 'ஒகாசா' வந்தது. ஆணுக்கு வெள்ளி, பெண்ணுக்குத் தங்கம் என்று இரண்டு டப்பா. சுரப்பியும் ஹார்மோனும் அதன் விளம்பர பாஷை. நாட்டு மருந்துக்காரர்களும் சும்மா இல்லை. ஜெர்மன்காரன் 'விஞ்ஞானம்' என்றால் இவர்கள் 'ரிஷிகள்' என்றார்கள். அவன் 'ஹார்மோன்' என்றால் இவர்கள் 'தாது'. கொஞ்ச நாளில் இரண்டு பேரும் ஒருத்தர் வார்த்தையை ஒருத்தர் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு மூலிகைக் கேப்ஸ்யூல் டப்பாவில் டெஸ்டோஸ்டிரோன் என்று அச்சடித்திருப்பது அன்று தொடங்கிய பழக்கம்.

1938இல் ஒரு தமாஷ் நடந்தது. தமாஷ் என்று சொல்லக்கூடாது, அவர் பெரிய மனுஷர். பண்டித மதன்மோகன் மாளவியா, எழுபத்தைந்தைத் தாண்டியவர், தபசி பாபா என்ற சாமியாரின் மேற்பார்வையில் இருட்டறைக்குள் இருந்து காயகல்ப சிகிச்சை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. வெளியே வந்தபோது கொஞ்சம் தெளிவாக இருக்கிறார் என்றார்கள். 1946இல் காலமானார். அதற்குப் பிறகுதான் 'காயகல்பம்' என்ற சொல் படித்தவர்கள் நடுவிலும் சரளமாகப் புழங்க ஆரம்பித்தது.

தமிழ்நாட்டில் விளம்பரத்தைத் தாண்டி ஒழுங்காக நடந்த காரியங்களும் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை இசைக்காரராகத்தான் நமக்குத் தெரியும், 1917இல் வந்த கருணாமிர்த சாகரத்தால். அந்தப் புத்தகத்துக்கும் அவர் தன் சொந்தச் செலவில் நடத்திய இசை மாநாடுகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? மருந்திலிருந்து. சுருளி மலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மூலிகை கற்று, அவர் பெயராலேயே கருணானந்த சஞ்சீவி மருந்துகள் என்று செய்து விற்றார். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியர் ஆனவர். தஞ்சைக்குப் பக்கத்தில் பெரிய தோட்டமே போட்டார். ஊர் ஊராகச் சஞ்சீவி மாத்திரை போனது.

பிறகு அரசாங்கம். நீதிக்கட்சி ஆட்சியில் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியம் பற்றி ஒரு குழு. அதன் அறிக்கை 1923இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1920களின் நடுவில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் முதல்வர். 1944இல் வைத்தியர்களே சேர்ந்து இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் ஆரம்பித்தார்கள். 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி. 1983இல் அரசின் டாம்ப்கால். 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இந்த வரிசையை வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் சுவரில் இருக்கும் போன் நம்பருக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. அரசு சித்த மருத்துவப் பிரிவில் அஞ்சு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் சூரணம் கண்ணில் படாது. லாட்ஜ் ரூமில் ஆயிரக்கணக்கில் விற்கிற லேகியம் கண்ணில் படும். முதல் இடத்தில் வரிசையில் நிற்கணும், தெரிந்த ஆள் பார்ப்பார். இரண்டாவது இடத்தில் கதவு சாத்தியிருக்கும்.

சட்டம் ஒன்று இருக்கிறது. 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். அதன் மூன்றாவது பிரிவு, தாம்பத்திய சக்தியைக் காக்கும் அல்லது கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. ஹம்தர்த் தவாகானா நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1959 டிசம்பரில் தீர்ப்பு. சட்டத்தின் சில வாசகங்களை நீதிமன்றம் வெட்டியது, ஆனால் இந்த விளம்பரத் தடை நின்றது. பேச்சுச் சுதந்திரம் என்ற வாதம் எடுபடவில்லை. அதோடு மருந்து விதிகளில் 'ஜே' என்ற அட்டவணை ஒன்று உண்டு, குணப்படுத்துவேன் என்று எந்த மருந்தும் வாக்குக் கொடுக்கக் கூடாத 51 வியாதிகளின் பட்டியல். அகால முதுமை, இளநரை, ஆண்மைக் குறைவு, மூன்றும் அதில் இருக்கின்றன.

ஆனால் கவனியுங்கள், தடை விளம்பரத்துக்கு. மருந்துக்கு இல்லை. அதனால் வழி கண்டுபிடித்தார்கள். 'ஆலோசனை' என்றார்கள். 'இல்லறம் இனிக்க' என்றார்கள். பெயர் சொல்லாமல் ஒரு குதிரைப் படம். மாசத்தில் இன்ன தேதி விழுப்புரம், இன்ன தேதி கடலூர், இன்ன தேதி சிதம்பரம், இன்ன லாட்ஜ், ரூம் நம்பர் இவ்வளவு என்று முகாம். பிற்பாடு டிவியில் நடுராத்திரி நிகழ்ச்சி. போன் போட்டுப் பேசுகிறவர் பெயர் சொல்ல மாட்டார். அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சிரிக்காத ஆளே கிடையாது; போன் போட்டவருடைய குரலில் இருந்த பயம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மூலிகைகளுக்கு வருவோம். அவற்றின் மேல் தப்பில்லை.

முதலில் அமுக்கரா. அமுக்கிராங் கிழங்கு, வடக்கே அசுவகந்தா. கடையில் கிடைப்பது பெரும்பாலும் சீமை அமுக்கரா. மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர் பக்கம் விளைந்து வருவது. அமுக்கரா சூரணத்தின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, அதற்கு மேல் சர்க்கரை. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு. சதுரங்கப் பலகையில் நெல் வைத்த கதை மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர்கூட மறக்காமல் செய்ய முடியும். கிழங்கைப் பாலாவியில் பிட்டு மாதிரி அவித்து, காயவைத்து, இடித்துத்தான் சேர்ப்பார்கள். இந்தச் செடியின் அறிவியல் பெயரில் சோம்னிஃபெரா என்ற லத்தீன் சொல் இருக்கிறது, தூக்கம் தருவது என்று அர்த்தம். அந்தப் பெயர்தான் சரியான குறிப்பு என்பேன். 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 40 முதல் 70 வயசு வரையுள்ள, எடை கூடிய, களைப்பாக உணர்ந்த ஐம்பது சொச்சம் ஆண்களுக்கு எட்டு வாரம் அமுக்கராச் சத்தும் எட்டு வாரம் வெறும் மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் சுமார் 15 சதவீதம் கூடியது. சரி. ஆனால் களைப்பு, உற்சாகம், தாம்பத்திய நலம் இவற்றில் வெறும் மாத்திரைக்கும் இதற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் எண் ஏறியது, ஆள் அப்படியே இருந்தார். விளம்பரம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். அமுக்கரா சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. டென்மார்க் 2023இல் தடையே செய்துவிட்டது. அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது, ஆனால் "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர்களுக்கு அது பதில்.

நெருஞ்சில். நம்ம ஊர் செம்மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. சித்த மருத்துவத்தில் இதன் முதல் வேலை சிறுநீர் சம்பந்தப்பட்டது: நீர்க்கடுப்பு, கல்லடைப்பு. ஆண்மைக்கும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இரண்டாம் வரிசையில். இதைத் தூக்கி முன்வரிசையில் வைத்தது பல்கேரியா. 1980களில் அங்கே டிரிபெஸ்டான் என்ற பெயரில் நெருஞ்சில் மாத்திரை வந்தது. பளுதூக்கும் வீரர்களோடு சேர்த்து அதன் புகழ் உலகம் சுற்றியது. அப்புறம் ஜிம் கடைகளில் டப்பாவாகத் திரும்பி வந்தது, பத்து மடங்கு விலையில். 2005இல் அதே பல்கேரியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ஆண் ஹார்மோன் ஏறவில்லை என்று எழுதினார்கள். ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கும் அறுபது வயசுக்காரர் நெருஞ்சில் குடிநீர் போட்டுக் குடிப்பதில் பழைய நியாயம் இருக்கிறது. புராஸ்டேட் சுரப்பியை ஒருதரம் காட்டிவிட்டுக் குடிக்கட்டும்.

பூனைக்காலிக்குத்தான் நிஜமான கதை. தொட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அந்தச் சுணை. விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கித் தாது புஷ்டி மருந்துகளில் சேர்ப்பார்கள். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு பேர் இந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, லண்டனிலிருந்து வரும் பயோகெமிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அப்போது அந்தப் பொருளால் என்ன பிரயோஜனம் என்று உலகத்துக்கே தெரியாது. முப்பது வருஷம் கழித்து, 1967இல், கோட்சியாஸ் என்ற டாக்டர் அதைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்க்கின்சன் நோயாளிகளை எழுப்பி நடக்க வைத்தார். இன்றும் நடுக்குவாதத்துக்கு அதுதான் முதல் மருந்து. வயசான ஆணுக்கு ஆண்மை தருவதாக விற்ற விதை, வயசானவர்களின் கை நடுக்கத்துக்குப் பதில் வைத்திருந்தது. ஆண்மைப் பக்கமும் வெறுங்கை இல்லை: 2009இல் லக்னோவில் குழந்தைப்பேறு இல்லாத ஆண்களிடம் செய்த ஆய்வில் பூனைக்காலி விதைப்பொடி ஹார்மோன்களையும் விந்தின் தரத்தையும் கூட்டியதாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இளவயசுக்காரர்கள். அதை அறுபது வயசுக்கு நீட்டக்கூடாது.

ஓரிதழ்தாமரை, நிலப்பனைக்கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, சாலாமிசிரி, முருங்கைப்பூ என்று பட்டியல் நீளும். அவற்றைப் பற்றி இதே அளவு சோதனை நடக்கவில்லை. முருங்கைப்பூவைப் பாலில் போட்டுக் குடிப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பாடுதானே.

ஆணின் ஹார்மோன் உண்மையில் எவ்வளவு குறைகிறது? முப்பது நாற்பதைத் தாண்டியதும் வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம். பெண்ணுக்கு மாதிரி ஒரு கட்டத்தில் நிற்பது கிடையாது, சரிவுதான். 2010இல் ஐரோப்பாவில் 40 முதல் 79 வயசு வரை 3,000க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்தார்கள். அறிகுறியும் ரத்த அளவும் இரண்டும் சேர்ந்து உண்மையான குறைபாடு இருந்தது 2.1 சதவீதம் பேருக்கு. நூற்றில் இரண்டு பேர். மீதிப் பேரின் களைப்புக்குக் காரணம் வேறு எங்கேயோ.

எங்கே? நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் சில பதில்கள் கிடைக்கும். ஜம்புலிங்க முதலியார் ஆழ்துளைக் கிணறு போட்டபோது கறுப்பாக என்னமோ வந்தது என்று தொடங்கிய ஊர். 1956இல் கம்பெனி, 1957 மே 20இல் நேரு வந்து சுரங்கவேலையைத் தொடங்கி வைத்தார். முதல் நிலக்கரி 1961இல். அன்றிலிருந்து இங்கே ராத்திரி என்பதே பாதிப் பேருக்கு வேலை நேரம். 2011இல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. வயசால் பத்துப் பதினைந்து வருஷத்தில் குறைவது ஒரு வாரத்தில்! முப்பது வருஷம் நைட் ஷிப்ட் பார்த்த ஆளுக்குத் தூக்கம் கெட்டுப்போனதை லேகியத்தால் ஈடுகட்ட முடியுமா?

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வேலையும் தெருவும் பக்கத்து வீடும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போகும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ. வடக்குத்துப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனவர், காலையில் பழக்கதோஷத்தில் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். சம்பந்தமில்லாமல் கோபம் வரும். வீட்டில் அம்மாவுக்கு மாதவிடாய் நின்ற சமயத்தில் என்ன ஆயிற்று என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்தது. அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று கேட்க யாருக்கும் வார்த்தை கிடையாது. வார்த்தை இல்லாத இடத்தில்தான் சுவர் விளம்பரம் 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு வார்த்தையைக் கொடுக்கிறது. அதனால்தான் அது விற்கிறது என்று நினைக்கிறேன்.

மேலே கடைமடை என்று சொன்னேன் அல்லவா. ஆண்குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் விட்டம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர். இதயத்துக் குழாய் மூன்று நாலு மில்லிமீட்டர். அடைப்பு என்று வந்தால் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். ஐம்பதில் ஆண்மைக் குறைவு என்று வருகிறவருக்குச் சில வருஷம் கழித்து மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர்கள் சொல்வது இதனால். சர்க்கரை வியாதியும் அப்படியே, முதல் தடயத்தை அங்கே காட்டும். ஏழாவது தாதுவுக்கு முன்னே ஆறு இருக்கிறது என்று சித்தர்கள் சொன்னதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். லாட்ஜ் ரூமுக்குள் போய் ஒரு மண்டலத்துக்கு லேகியம் வாங்கி வருகிறவர், சர்க்கரையோ ரத்தக்குழாய் அடைப்போ தெரியாமலே ஒரு வருஷத்தைக் கழித்துவிடுகிறார். சிலருக்கு அந்த ஒரு வருஷம்தான் இருந்தது.

லேகியம் 'உடனே' வேலை செய்தால் இன்னும் பயப்படணும். 1998இல் சில்டெனாஃபில் மாத்திரை வந்தபிறகு, அதைப் பொடித்து மூலிகை மருந்தில் கலப்பது உலகம் முழுக்கப் பல நாட்டு மருந்துத்துறைகள் பிடித்த மோசடி. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் உடம்பில் அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். உயிர் போகலாம். அமுக்கராவோ நெருஞ்சிலோ அரைமணி நேரத்தில் வேலை செய்யாது. எந்தச் சித்தரும் அப்படிச் சொன்னதில்லை. மண்டலக் கணக்குத்தான் சொன்னார்கள்.

ரத்தப் பரிசோதனை என்று போனால் காலையில் வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள் எடுக்கணும்; சாயங்காலம் எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகத்தான் காட்டும். கூடவே சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின். சித்த மருத்துவரைப் பார்க்கப் பிரியப்பட்டால் பட்டம் பெற்றவர் அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். எந்த டாக்டரைப் பார்த்தாலும் சாப்பிடுகிற சூரணத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள், டப்பாவையே கையில் கொண்டுபோனாலும் நல்லது.

ஆபிரகாம் பண்டிதரின் மருந்துத் தோட்டத்தைப் பற்றி இங்கே ஒரு பத்தியில் முடித்துவிட்டேன். சஞ்சீவி மாத்திரை விற்ற பணம் எப்படி இருபத்திரண்டு சுருதி ஆராய்ச்சிக்குப் போனது என்பது தனிப் பதிவுக்கு உரியது. அடுத்தது அதுதான்.